வாலிப வயோதிக அன்பர்களே!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுற சாதாரண ஆசாமி. தலைப்பை பார்த்துட்டு "18+"ன்னு நினைச்சு ஓடி வந்தவங்களும், ஓடிப் போகப் போறவங்களும் கொஞ்சம் நில்லுங்க. இது பதினாலு வயசு பையன் படிச்சா ரொம்ப சந்தோஷப்படற பதிவு. :-)

ஒரு ஊர்ல இருக்கற அத்தனை ஆம்பளைங்களையும் "எனக்கு ஏதோ வியாதி இருக்கு"ன்னு நம்ப வைக்கணும்னா என்ன பண்ணணும்? ரொம்ப சுலபம். எல்லாருக்கும் இயல்பா நடக்கற ஒரு விஷயத்தை எடுத்துக்கணும். அதுக்கு வியாதின்னு ஒரு பேர் வைக்கணும். மருந்து எங்ககிட்டதான் இருக்குன்னு ஒரு போஸ்டர் அடிச்சு ஒட்டணும். அவ்வளவுதான், கல்லா கட்டலாம்.

அந்த போஸ்டரை எங்க ஒட்டறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடம், மின்சார ரயில் பெட்டியோட கதவோரம்னு ஆம்பளை தனியா நிக்கற இடமா பார்த்துத்தான் ஒட்டறாங்க. "நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், கைப்பழக்கம், சிறுத்தல், வளைதல்..." அப்புறம் ஒரு லாட்ஜ் பேரு, ரூம் நம்பர், மாசத்துல எந்த தேதிக்கு வருவார்னு விவரம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல டிவியில "வாலிப வயோதிக அன்பர்களே"ன்னு கூப்பிட்டதை மிமிக்ரி பண்ணாத ஹாஸ்டல் தமிழ்நாட்டுல இருந்திருக்காது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆனா அந்தக் கூட்டத்துல ரெண்டு மூணு பேர் மனசுக்குள்ள அந்த போன் நம்பரை குறிச்சுக்கிட்டிருப்பாங்க. இல்லேன்னா அத்தனை வருஷம் காசு கட்டி யாரு விளம்பரம் குடுப்பாங்க?

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம ஆம்பளைங்க பயப்பட வேண்டாத விஷயத்துக்கு பயந்து காசை அழிக்கறாங்க. நிஜமா பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயத்துக்கு வெக்கப்பட்டு வீட்லயே படுத்துக்கறாங்க. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணு, இதைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்கறதில்லை.

முதல்ல பயப்பட வேண்டாதது.

"அறுபது சொட்டு ரத்தம் சேர்ந்தாத்தான் ஒரு சொட்டு விந்து." இதைக் கேள்விப்படாத தமிழ்ப் பையன் இருக்கானா? எண்ணிக்கை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். சில ஊர்ல நாப்பது, சில ஊர்ல நூறு. நம்ம பழைய மருத்துவத்துல ஏழு தாதுன்னு ஒரு கணக்கு உண்டு. சாப்பாட்டுல இருந்து ரசம், அதுல இருந்து ரத்தம், அப்புறம் சதை, கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, கடைசியா சுக்கிலம். ஒண்ணுல இருந்து இன்னொண்ணு வடிகட்டி வருதுங்கற நம்பிக்கை. அதனால கடைசியில வர்றது ரொம்ப விலை உயர்ந்ததுன்னு ஆயிடுச்சு. "தாது புஷ்டி லேகியம்"கற பேரே இங்கருந்து வந்ததுதான்.

சரி, இது நம்ம ஊர் மூடநம்பிக்கைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. 1760-ல தீஸோன்னு ஒரு சுவிட்சர்லாந்து டாக்டர் இதே கதையை புத்தகமா போட்டார். ஒரு அவுன்ஸ் விந்து போனா நாப்பது அவுன்ஸ் ரத்தம் போன மாதிரின்னு எழுதினார். ஐரோப்பாவே நூறு வருஷத்துக்கு மேல அந்தப் பயத்துல கிடந்தது. அவங்க மெதுவா வெளிய வந்துட்டாங்க. நாம இன்னும் போஸ்டர் ஒட்டிட்டு இருக்கோம்.

நிஜம் என்ன? ஒரு தடவை வெளிவர்றது சுமாரா ஒண்ணரைல இருந்து அஞ்சு மில்லி. அதாவது பெரும்பாலும் ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. அதுல உயிரணுக்கள் வெறும் ரெண்டுல இருந்து அஞ்சு சதவீதம். மீதி எல்லாம் விந்துப் பையும் பிராஸ்டேட் சுரப்பியும் சுரக்கற திரவம். பெரும்பகுதி தண்ணி, கொஞ்சம் சர்க்கரை, துளியூண்டு புரதம், துத்தநாகம். ரத்தத்தை காய்ச்சி எடுக்கற ஃபேக்டரி எதுவும் உள்ள ஓடலை. உயிரணு உற்பத்தி வயசுக்கு வந்ததுல இருந்து ராத்திரி பகல்னு இல்லாம நடந்துக்கிட்டே இருக்கு. வெளிய போகலேன்னா உடம்பே அதை உடைச்சு உள்ள இழுத்துக்கும். சேமிச்சு வைக்கறதுக்கு அங்க லாக்கர் கிடையாது.

அதனால தூக்கத்துல வெளியாகறது வியாதி இல்லை. சுய இன்பத்தால நரம்பு தளராது, கண்ணு குழி விழாது, ஞாபக சக்தி போகாது, கல்யாணத்துக்கு லாயக்கில்லாம போகமாட்டீங்க. வேலை, படிப்பு, தூக்கம் எல்லாத்தையும் விட்டுட்டு அதே கதின்னு கிடந்தா அது பழக்கப் பிரச்சினை. அதுக்கு மனநல ஆலோசனை உண்டு, லேகியம் கிடையாது.

சரி, அப்ப நிறைய பேருக்கு நிஜமாவே உடம்பு சோர்வா இருக்கே, முதுகு வலிக்குதே, படபடன்னு வருதே? வரும். பத்து வருஷமா "என் உயிர் கொஞ்சம் கொஞ்சமா ஒழுகிட்டு இருக்கு"ன்னு நம்பற ஒருத்தனுக்கு எப்படி தூக்கம் வரும்? இந்தத் துன்பத்துக்கு 1960-ல என்.என்.விக்ங்கற இந்திய மனநல மருத்துவர் "தாத் சிண்ட்ரோம்"னு பேர் வச்சார். தாத்னா நம்ம தாதுதான். சிறுநீர் கலங்கலா போனா விந்து போகுதுன்னு பயந்து டாக்டர்கிட்ட வருவாங்க. பரிசோதிச்சா பெரும்பாலும் அது வெறும் பாஸ்பேட் உப்பா இருக்கும். இதுல சோகம் என்னன்னா, விந்து போறதால வர்ற கேடு எதுவுமே இல்லை. ஆனா போகுதுங்கற பயத்தால வர்ற மனச்சோர்வும் பதட்டமும் முழுக்க முழுக்க நிஜம். வியாதியே இல்லாத பையனை போஸ்டர் நோயாளி ஆக்கிடுது.

இப்ப போஸ்டர் கொஞ்சம் பழசாயிடுச்சு. அதே சரக்கு ரீல்ஸ்ல வருது. "90 நாள் அடக்கு, முகத்துல தேஜஸ் வரும், ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க." பின்னாடி ஒரு சிங்கம் நடந்து வரும், பிஜிஎம் வேற. அறுபது சொட்டு தாத்தாவுக்கு ஜிம் டீசர்ட் போட்டு விட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

"சிறுத்தல்" மேட்டரையும் ரெண்டு வரியில முடிச்சுடறேன். 2015-ல இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டுல ஏற்கனவே நடந்த ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து 15,521 ஆண்களோட அளவுகளை கணக்கு போட்டாங்க. விறைப்பு நிலையில சராசரி 13.12 செ.மீ., அதாவது அஞ்சேகால் இன்ச்சுக்கும் கொஞ்சம் கம்மி. இணையத்துல பார்க்கற படங்கள்ல நடிக்கறவங்களை அளவு பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கறாங்க. அதை ஸ்கேலா வச்சு அளக்கறது, விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தைப் பார்த்துட்டு நம்ம வீட்டு பிளாஸ்டிக் சேரை ஒடைக்கற மாதிரி.

"சரிப்பா, லேகியம் சாப்பிட்டா என்ன குறைஞ்சுடும், பலன் இல்லேன்னா போகுது, காசு மட்டும்தானே"ன்னு ஒரு வாதம் உண்டு. இல்லை. இங்கதான் ஆள் சாகற சமாச்சாரம் வருது.

வயாக்ராவுல இருக்கற சில்டெனாஃபில் முதல்ல நெஞ்சுவலிக்குன்னு ஆராய்ச்சி பண்ணின மருந்து. நெஞ்சுவலிக்கு பெருசா உதவலை, வேற இடத்துல உதவுச்சு. 1998 மார்ச்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. டாக்டர் பார்த்து குடுத்தா நல்ல மருந்துதான். ஆனா மாரடைப்பு வந்தவங்க நாக்குக்கு அடியில வைக்கற சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மாத்திரையோட இது சேர்ந்தா, ரத்த அழுத்தம் தடால்னு இறங்கி உயிருக்கே ஆபத்து. சரி, நாமதான் வயாக்ரா சாப்பிடலையே, மூலிகைதானேன்னு நினைக்கறீங்களா? "நூறு சதவீதம் மூலிகை"ன்னு விக்கற ஆண்மை மருந்துகள்ல சொல்லாம கொள்ளாம சில்டெனாஃபிலை கலந்து விக்கறதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் திரும்பத் திரும்ப பிடிச்சு எச்சரிக்கை வெளியிட்டிருக்கு. "ஒரே டோஸ்ல பலன்"னு சொல்ற மூலிகை மேல சந்தேகம் வரணும். அம்பத்தஞ்சு வயசு இதய நோயாளி ஒருத்தர் வீட்டுக்குத் தெரியாம லாட்ஜுக்குப் போய் பொட்டலம் வாங்கிட்டு வந்தா, அதுல என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியாது, அவருக்கு நெஞ்சுவலி வரும்போது பார்க்கற டாக்டருக்கும் தெரியாது.

இந்த இடத்துல ஒண்ணை தெளிவா சொல்லிடறேன். இது சித்த மருத்துவத்துக்கு எதிரான பதிவு இல்லை. பாளையங்கோட்டையில அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-ல இருந்து இருக்கு. பிளஸ் டூ முடிச்சு அஞ்சரை வருஷம் படிச்சுட்டு வர்றவங்க இருக்காங்க. இந்த லாட்ஜ் கோஷ்டியால அதிகமா பேர் கெடறதே அவங்களுக்குத்தான். அப்புறம், இன்ப சக்தியை கூட்டறோம்னு சொல்லி மருந்துக்கு விளம்பரம் பண்றதே குற்றம்னு 1954-லயே சட்டம் போட்டாச்சு. முதல் தடவை ஆறு மாசம் வரைக்கும், மறுபடி மாட்டினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். சட்டம் புத்தகத்துல இருக்கு, போஸ்டர் சுவத்துல இருக்கு.

இப்ப பயப்பட வேண்டியது. தயவுசெஞ்சு இதை வேகமா ஸ்க்ரோல் பண்ணாம படிங்க.

ஒண்ணு: விதை முறுக்கிக்கறது. டெஸ்டிகுலர் டார்ஷன்னு சொல்வாங்க. எந்த வயசுலயும் வரலாம், பன்னண்டுல இருந்து பதினெட்டு வயசு பசங்களுக்கு அதிகம். விதை ஒரு நாண்ல தொங்குது, அது வழியாத்தான் ரத்தம் போகுது. சில பேருக்கு பிறவியிலயே பிடிமானம் கம்மி, அதனால அது முறுக்கிக்கும். திடீர்னு ஒரு பக்கம் உயிர் போற வலி, வீக்கம், வாந்தி. தூக்கத்துலகூட வரும். இதுக்கு டயம் ஆறு மணி நேரம். அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணி திருகலை எடுத்துவிட்டா பெரும்பாலும் காப்பாத்திடலாம். ஒரு நாள் தாண்டிட்டா பெரும்பாலும் எடுத்துடத்தான் வேணும். இப்ப யோசிங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு எட்டாங்கிளாஸ் பையனுக்கு இந்த வலி வருது. அவன் அம்மாகிட்ட என்ன சொல்வான்? "வயிறு வலிக்குதும்மா." அம்மா ஓமத்தண்ணி குடுப்பாங்க. காலைல மெடிக்கல்ல ஒரு வலி மாத்திரை. சாயங்காலம் டாக்டர். ஆறு மணி நேரம் எப்பவோ போயாச்சு. ஒரு வார்த்தையை வாய்விட்டு சொல்ல முடியாததால ஒரு உறுப்பு போகுது.

ரெண்டு: வலியே இல்லாத கட்டி. வலிச்சாத்தான் ஆபத்துன்னு நினைக்கறோம். விதைப்பையில வலியில்லாம வீங்கினா பல தடவை அது வெறும் நீர் கோத்த ஓதமா இருக்கும். ஆனா விதையிலயே கெட்டியா ஒரு உருண்டை தட்டுப்பட்டா ஸ்கேன் எடுத்தே ஆகணும். விதைப் புற்றுநோய் வாலிப வயசுலதான் அதிகம் வரும். சீக்கிரம் பிடிச்சா கிட்டத்தட்ட எல்லாருக்கும் குணமாகற புற்றுநோய் இது. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல, 25 வயசுல வந்தது. கண்டுபிடிக்கும்போது நுரையீரல், மூளை வரைக்கும் பரவியிருந்தது. அந்த நிலைமையிலயும் குணமாச்சு. (ஊக்கமருந்து கேஸ்ல பட்டத்தை எல்லாம் 2012-ல புடுங்கினது தனிக்கதை.) குளிக்கும்போது மாசத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா?

மூணு: விறைப்புத்தன்மை குறையறது. எப்பவாவது ஒரு நாள் டென்ஷன்ல, களைப்புல, சரக்கு போட்டதால முடியாம போறது எல்லாருக்கும் நடக்கும், விட்டுத்தள்ளுங்க. ஆனா நாப்பது வயசு ஆளுக்கு மாசக்கணக்கா தொடர்ந்து இப்படின்னா, அது "ஆண்மை" சமாச்சாரம் இல்லை, ரத்தக்குழாய் சமாச்சாரம். ஆணுறுப்புக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். இதயத்துக்குப் போறது மூணு நாலு மில்லிமீட்டர். கொழுப்பு படிய ஆரம்பிச்சா சின்ன பைப்புதான முதல்ல அடைக்கும்? பல பேருக்கு மாரடைப்புக்கு ரெண்டுல இருந்து அஞ்சு வருஷம் முன்னாடியே இந்த அறிகுறி வந்துடும்னு டாக்டருங்க சொல்றாங்க. சர்க்கரை, பிரஷர், சிகரெட் எல்லாம் இங்கதான் முதல்ல கை வைக்கும். அதாவது இது உடம்பு அடிக்கற வார்னிங். லாட்ஜுக்குப் போறவன் அந்த வார்னிங் லைட் மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டு வண்டியை ஓட்டறான். ஒழுங்கான டாக்டர்கிட்ட போயிருந்தா சர்க்கரையாவது தெரிஞ்சிருக்கும்.

நாலு: சிறுநீர்ல ரத்தம். வலியே இல்லாம ஒரே ஒரு நாள் வந்து தானா நின்னு போனாலும் சரி, காட்டணும். "சூடு பிடிச்சிருக்கு, இளநீர் குடி"ன்னு விட்டுடக் கூடாது, முக்கியமா சிகரெட் பிடிக்கறவங்க. சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கு அதுதான் முதல் அறிகுறியா இருக்கலாம். அதே மாதிரி அப்பாவோ தாத்தாவோ ராத்திரி அஞ்சு தடவை எழுந்திருச்சா "வயசானா அப்படித்தான்"னு சொல்லாதீங்க. பிராஸ்டேட் வீக்கமா இருக்கலாம். அது பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, மாத்திரையிலயே கட்டுப்படலாம். முழுசா அடைச்சுக்கிட்டு நடுராத்திரி ட்யூப் போடற நிலைமைக்கு விடவேண்டியதில்லை.

இப்ப "ஆண்மை"ங்கற வார்த்தைக்கு வர்றேன். இந்த ஒரு வார்த்தைக்குள்ள நாம விறைப்பு, குழந்தை பெத்துக்கற திறன், வீரம், மீசைன்னு எல்லாத்தையும் போட்டு குழப்பி வச்சிருக்கோம். முதல் ரெண்டும் வேற வேற. படுக்கையில எந்தக் குறையும் இல்லாதவனுக்கு உயிரணு எண்ணிக்கை பூஜ்யமா இருக்கலாம். குழந்தையில்லாத தம்பதிகள்ல சுமார் பாதி பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கு. ஆனா நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆனதும் மருமகளை கூட்டிட்டு கோயில், டாக்டர், ஸ்கேன், ஊசி, லேப்ராஸ்கோபி... பையனுக்கு சில நூறு ரூபாய் செலவுல ஒரு விந்து பரிசோதனை பண்ணணும்னா "எங்க பையனுக்கு என்ன குறை?" "மலடி"ங்கற வார்த்தை எத்தனை வீட்ல எத்தனை பொண்ணுங்க மேல விழுந்திருக்கும்? "மலடன்"னு யாரையாவது திட்டி கேட்டிருக்கீங்களா?

இதுல ஒரு வேடிக்கை. ஆண்மையை கூட்டறதுக்காக ஜிம்முல டெஸ்டோஸ்டிரோன், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கறானே, அவனுக்கு உயிரணு உற்பத்தி கிட்டத்தட்ட நின்னே போகலாம். வெளியிலருந்து ஹார்மோன் வந்ததும் மூளை "சரி, உள்ள வேலை வேண்டாம்"னு சிக்னலை நிறுத்திடும். நம்ம இனத்துக்கும் ஒரு வார்த்தை. விதை உடம்பைவிட ரெண்டு மூணு டிகிரி குளிர்ச்சியா இருக்கணும்னுதான் வெளிய தொங்குது. லேப்டாப்பை மேஜை மேல வைங்க சாமி.

குடும்பக் கட்டுப்பாடும் இதே கதைதான். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி நாட்டுல 37.9 சதவீதம் பேர் பெண் கருத்தடையை நம்பியிருக்காங்க, ஆண் கருத்தடை 0.3 சதவீதம். ஆணுக்குப் பண்றது தையல்கூட இல்லாத பத்து பதினஞ்சு நிமிஷ வேலை. (மூணு மாசம் கழிச்சு பரிசோதிச்சு உறுதி பண்ற வரைக்கும் வேற பாதுகாப்பு வேணும்.) விறைப்பு போகாது, ஹார்மோன் மாறாது, வெளிவர்ற அளவுகூட கண்ணுக்குத் தெரியற மாதிரி குறையாது, உயிரணு அதுல அஞ்சு சதவீதத்துக்குள்ளதானே. ஆனா "பலவீனமாயிடுவான்"னு வயித்தைக் கிழிக்க பொண்டாட்டியை அனுப்பறோம்.

இதுக்கெல்லாம் என்ன தீர்வுன்னா, எனக்குத் தோணறது ரொம்ப சின்ன விஷயம்: வார்த்தை. உடம்புல அந்த ஒரு பகுதிக்கு மட்டும் நம்மகிட்ட வீட்ல சொல்லக்கூடிய சொல் இல்லை. ஒண்ணு கெட்ட வார்த்தை, இல்லேன்னா "ஸ்கலிதம்" மாதிரி யாருக்கும் புரியாத சமஸ்கிருதம். நடுவுல "அங்க", "கீழ", "அந்த இடம்". பத்தாவது அறிவியல் புத்தகத்துல அந்தப் பாடம் வந்ததும் "இதை வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு வாத்தியார் தாண்டிப் போயிடுவார். விதைன்னு சொல்லலாம். ஆணுறுப்புன்னு சொல்லலாம். மூக்கு, முழங்கால் மாதிரி அதுவும் ஒரு உறுப்பு. பையன் "விதை வலிக்குதுப்பா"ன்னு சொன்னா அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு வண்டியை எடுக்கணும். இந்த ஒரு வாக்கியம் ஒரு வீட்டுக்குள்ள சகஜமாச்சுன்னா அந்த வீட்டுக்கு லாட்ஜ் வைத்தியர் தேவைப்படமாட்டார்.

எந்த டாக்டர்னு கேட்டா, யூராலஜிஸ்ட். "சிறுநீரக மருத்துவர்"னு போர்டுல போட்டிருந்தா அவர் நெஃப்ராலஜிஸ்டாவும் இருக்கலாம். அவர் கிட்னி வேலை செய்யாததை பார்க்கறவர். யூராலஜிஸ்ட்தான் சிறுநீர்க் குழாய், பிராஸ்டேட், ஆணுறுப்பு எல்லாத்துக்கும் அறுவை சிகிச்சை வரைக்கும் பார்க்கறவர். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்லயும் பல இடத்துல இருக்காங்க. தினமும் நூறு பேரை இதே பிரச்சினையோட பார்க்கறவர் அவர். நீங்க சொல்றதைக் கேட்டு சிரிக்க அவருக்கு நேரம் கிடையாது.

வீட்ல தம்பியோ, அக்கா பையனோ வயசுக்கு வர்ற நேரத்துல இருந்தான்னா, ஒரு நாள் தனியா கூப்பிட்டு அஞ்சு நிமிஷம் பேசுங்க. அறுபது சொட்டு பொய், ஆறு மணி நேரம் நிஜம். இந்த ரெண்டை மட்டும் சொல்லுங்க போதும். முகத்தைப் பார்த்து சொல்ல கூச்சமா இருந்தா வண்டி ஓட்டும்போது சொல்லுங்க, ரெண்டு பேரும் ரோட்டைத்தானே பார்த்துட்டு இருப்பீங்க.